ஓடிப்போன மாலுமி இழந்தது எவ்வளவு? 1854-க்குப் பிந்தைய கப்பல் ஒப்பந்தப் படிவங்களை முன்வைத்து

விக்டோரியா காலத்துப் பிரிட்டிஷ் வணிகக் கப்பலின் மாலுமி அயல்துறைமுகத்தில் ஓடிப்போனால், ஒப்பந்தப் படிவத்தில் அவன் பெயருக்கு நேரே அந்தச் செய்தியும் தேதியும் ஏறும். சம்பளப் பாக்கிக்கான கட்டம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலிக் கட்டத்தைக் கண்ட ஆய்வாளர்கள், மாதக்கணக்கில் உழைத்த கூலியை உதறியவன் குடியாலோ கொடுமையாலோ நிதானமிழந்தவன் என்றே முடிவு கட்டினார்கள். மூதாதையரைத் தேடிப் படிவங்களைப் புரட்டுவோரும் சங்கடத்தோடு அந்த வரியைக் கடந்துவிடுகிறார்கள். அதே வரியின் மற்றக் கட்டங்களையும் சேர்த்துப் படித்தால் அவன் கணக்குத் தெரிந்தவனாகவே தோன்றுகிறான்.

மாதச் சம்பளம் 2 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு லண்டனில் கையெழுத்திட்ட தேர்ந்த மாலுமி ஒருவன், மூன்று மாதப் பயணத்துக்குப் பின் மெல்போர்னில் இறங்குகிறான் என்று கொள்வோம். ஈட்டியது 7 பவுண்டு 10 ஷில்லிங். பழைய ஆய்வுகள் இந்த முழுத்தொகையையே அவன் இழப்பாக எண்ணுகின்றன. ஆனால் முன்பணம் என்ற கட்டத்தில் ஒரு மாதச் சம்பளம் எழுதப்பட்டிருக்கிறது. அது கப்பல் கிளம்பும் முன்பே, கரையில் அவன் தங்கியிருந்த விடுதிக்காரன் கைக்குப் போயிருக்கும். அடுத்த கட்டம் வீட்டுக்கு எழுதிக்கொடுத்த பங்கு. மாதம் 1 பவுண்டு 5 ஷில்லிங் வீதம் மனைவிக்கு இரண்டு தவணை போயிருந்தால், கப்பலில் அவன் பெயரில் மிஞ்சுவது 2 பவுண்டு 10 ஷில்லிங். கேப்டனிடம் கடனுக்கு வாங்கிய புகையிலையையும் சட்டையையும் கழித்தால் அதுவும் சுருங்கும். ஒரு மாதக் கூலிக்கும் குறைவான இந்தத் தொகைக்கு எதிரே, லண்டனைவிட அதிகச் சம்பளம் தந்த துறைமுகம் நிற்கிறது.

1854-இன் வணிகக் கப்பல் சட்டம் ஓடியவனுக்கு 12 வாரம் வரை சிறை விதித்தது. பிடிபட்டால்தான் சிறை, அதை இங்கே நீட்ட வேண்டியதில்லை. குடிதான் காரணம் என்போருக்கும் பதில் சுருக்கமானதே: குடித்தவனுக்கும் கணக்குத் தெரியும்.

கேப்டன் ஏன் ஆளை ஓடவிடுவார் என்ற மறுப்பு சற்றுக் கனமானது. பறிமுதலான கூலியில் ஓடியவனால் நேர்ந்த செலவை ஈடுகட்டியபின் மீதி அரசுக் கருவூலத்துக்கே சேர வேண்டும். எனவே ஆள் ஓடுவதால் கப்பலுக்கு ஆதாயமில்லை என்கிறார்கள். சட்டத்தின் எழுத்து அப்படித்தான். ஆனால் சரக்குக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும் கப்பலில் ஓர் ஆள் குறைந்தால் மிச்சமாகும் கூலியும் சாப்பாடும் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. கேப்டன்கள் ஆட்களைத் திட்டமிட்டே விரட்டினார்கள் என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. தடுக்க அவர்கள் துடித்தார்கள் என்று நம்பவும் காரணமில்லை.

என் கணக்குக்கு உண்மையான இடைஞ்சல் மனைவியின் பங்கு. அவன் ஓடிய செய்தி எட்டியதும் அது நின்றுபோகும். லண்டனிலோ லிவர்பூலிலோ ஒரு வீட்டில் வாடகை முடங்கும். ஆகவே குடும்பப் பங்கு எழுதாதவனுக்குக் கப்பலில் பாக்கி கூடுதல், கரையில் தளை குறைவு, எழுதியவனுக்கு நேரெதிர். இந்த இரு இழுப்புகளில் எது வென்றது என்பதைப் படிவங்களே சொல்லும். 1863 முதல் 1938 வரையிலானவற்றில் சுமார் 70 விழுக்காடு நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1865, 1875 என ஐந்தில் முடியும் ஆண்டுகளுடையவை கிரீனிச்சில். ஓடியவர்களை மட்டும் எண்ணுவதை நிறுத்தி, பங்கு எழுதியவர், எழுதாதவர் என இரு பட்டியலாகப் பிரித்து எண்ண வேண்டும்.