சின்னத்திரைச் சுட்டிகள் – 9: 95 கதைகள், 17,520 அரைமணிகள்

2007 ஏப்ரல் கடைசி. முழுப்பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கார்ட்டூன் நெட்வொர்க் 1995 மே 1ஆம் தேதியே இந்தியாவுக்கு வந்துவிட்டது. டிஸ்னி சேனல் 2004 டிசம்பரில் வந்தது. இரண்டிலும் தமிழ் ஒலி கிடைத்தது என்றாலும், அவை இந்தியா முழுவதற்குமான சேனல்கள். அவற்றுக்குத் தமிழ் பல மொழிகளில் ஒன்று. சுட்டி டிவிக்கோ தமிழ் மட்டும்தான். அதுவும் இருபத்து நான்கு மணி நேரமும்.

சிக்கலே அந்த இருபத்து நான்கு மணி நேரத்தில்தான் இருந்தது.

நிகழ்ச்சி அட்டவணையைச் சேனல்காரர்கள் எஃப்.பி.சி. என்பார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எது ஓட வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்ட தாள். அரைமணிக்கு ஒரு கட்டம் என்றால் நாளொன்றுக்கு 48, ஆண்டுக்கு 17,520. விளம்பரம் போக ஒரு கட்டத்தில் 22 நிமிடக் கார்ட்டூன் ஒன்று உட்காரும்.

இனி கையிருப்பைப் பார்ப்போம். சுட்டி டிவியின் பெயரைச் சொன்னதுமே நினைவுக்கு வருகிற ஜாக்கி சான் கார்ட்டூன் அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஐந்து சீசன் ஓடியது. மொத்தம் 95 கதைகள். விடாமல் ஓட்டினால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். உலகமே பார்த்த டாம் அண்ட் ஜெர்ரியின் நிலை இதைவிட மோசம். ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக 1940 முதல் 1958 வரை எடுத்தவை 114 குறும்படங்கள், ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் போல. பதினெட்டு ஆண்டு உழைப்பு முழுவதையும் ஒரு பகலும் கொஞ்சம் இரவும் விழுங்கிவிடும்.

மீதிக் கட்டங்களை எதைக் கொண்டு நிரப்புவது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் டெட் டர்னர் முன்பே விடை கண்டிருந்தார். 1986இல் எம்ஜிஎம்மின் பழைய படக் களஞ்சியம் அவர் கைக்கு வந்தது. 1991இல் ஹன்னா–பார்பெரா நிறுவனத்தையும் வாங்கினார். 1992 அக்டோபர் 1 அன்று கார்ட்டூன் நெட்வொர்க் பிறந்தபோது, அதில் ஓடியவை பெரும்பாலும் அப்பாக்கள் தங்கள் சிறுவயதில் பார்த்த கார்ட்டூன்கள். பழையதைத் திரும்பத் திரும்பப் போடுவதற்காகவே ஒரு சேனல். அது ஜெயித்தது. காரணம் எளிது: பெரியவர்கள் பார்த்துச் சலித்ததைப் புதிதாகப் பார்க்க ஆண்டுதோறும் நான்கு வயதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

தமிழில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. கார்ட்டூனின் உரிமையை இத்தனை ஆண்டுக்கு என்று வாங்குவார்கள். அதன்மேல் டப்பிங் செலவு. வசனம் எழுத வேண்டும், குரல் கலைஞர்கள் உதட்டசைவுக்குப் பொருத்திப் பேச வேண்டும், ஒலி சேர்க்க வேண்டும். இவ்வளவு பணமும் முதல் ஒளிபரப்புக்கு முன்பே போய்விடும். இரண்டாவது முறை ஓட்டும்போது செலவு ஏறக்குறைய இல்லை. விளம்பர வரவு மட்டும் உண்டு. டோரா என்ற கார்ட்டூன் சிறுமியைச் சன் குழுமம் தமிழில் சுட்டி டிவியிலும், தெலுங்கில் குஷி டிவியிலும் பேசவைத்தது. ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தமிழ் பேசும் வீடும் தெலுங்கு பேசும் வீடும் ஒரே தெருவில் இருக்கும். இந்த வீட்டு டோரா தமிழில் வழி கேட்டாள், அந்த வீட்டு டோரா தெலுங்கில் கேட்டாள்.

*

அந்தத் தெருவிலேயே கொஞ்சம் நிற்போம். அங்கே டிவி எப்படி வந்தது என்பது தெரிய வேண்டும்.

2006 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி இலவச வண்ணத் தொலைக்காட்சி. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், வழங்கத் தொடங்கினார்கள். 14 அங்குலப் பெட்டி. ஐந்தாண்டு முடிவதற்குள் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெட்டிகள் வீடு வீடாக இறங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் சுட்டி டிவியும் வந்தது. டிவியையே முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளைக்கு ரிப்பீட் எது, புதுசு எது? எல்லாமே புதுசுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஷிப்டில் ஓடும் ஊர். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஆட்கள் மாறுவார்கள். அப்பாவின் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறினால், பிள்ளை டிவி பார்க்கும் நேரமும் அதோடு மாறும். அவர் மதிய ஷிப்டில் இருக்கும் வாரம், மாலை முழுக்க ரிமோட் பிள்ளையின் கையில். காலை ஷிப்ட் வந்துவிட்டால் மாலையில் அவர் வீட்டில், செய்தி, சீரியல். நைட் ஷிப்ட் என்றால் பகலில் அவர் தூங்குவார். சத்தத்தைக் குறைத்து, பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் மாலையில் விட்டது மறுநாள் காலையில் வருவது பெரிய உதவி. ரிப்பீட்டை வெறும் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் அட்டவணை போட்டவர்கள் இந்தப் பிள்ளையை நினைத்தா போட்டார்கள்?

*

இல்லை. அவர்கள் பார்த்தது டிஆர்பி. அன்றைக்கு அதை அளந்தது டாம் (TAM) நிறுவனம். தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் பொருத்தி, எந்த வயதினர் எந்தச் சேனலை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று வாராவாரம் கணக்கு வரும். சிறுவர் சேனல்களுக்கு 4 முதல் 14 வயது வரையிலான எண்தான் உயிர். அந்த மீட்டர்கள் நகரங்களையே நம்பியிருந்தன. கிராமத்து வீடுகள் கணக்குக்குள் வந்தது பார்க் அமைப்பு அளக்கத் தொடங்கிய 2015இல்தான். அதுவரை கவரைப்பேட்டைக்கு அப்பால் வயலோரத்து வீட்டுப் பிள்ளை எதை விரும்பிப் பார்த்தது என்பது எந்த எண்ணிலும் ஏறவில்லை. நகரத்துப் பிள்ளையின் ரிமோட் முடிவு செய்ததை அதுவும் பார்த்தது.

அந்த எண் ஒரு சுழலை உண்டாக்கியது. ஜாக்கி சானுக்கு எண் ஏறுகிறதா, இன்னொரு கட்டம் கொடு. கூடுதல் நேரம் ஓடினால் கூடுதல் பேர் பார்ப்பார்கள். எண் மேலும் ஏறும். மேலும் ஒரு கட்டம். பக்கத்தில் புதிதாக வந்த கார்ட்டூனுக்குக் கிடைப்பது யாரும் பார்க்காத நேரம். அது தோற்கும். தோற்றதைத் தூக்கிவிட்டு அங்கேயும் ஜாக்கி சான். விடுமுறை வந்தால் காலை முதல் மாலை வரை தொடர்ச்சியாக அதுவே.

இதில் பிள்ளைகள் இழந்தது கதையின் வரிசை. ஜாக்கி சான் முதல் சீசனின் சுவையே பன்னிரண்டு மந்திரத் தாயத்துகளைத் தேடுவதில் இருக்கிறது. சேவல் தாயத்து பறக்கவைக்கும், எருது பலம் கொடுக்கும், பாம்பு உருவத்தை மறைக்கும், முயல் வேகம் தரும். எது யார் கையில் இருக்கிறது என்பதுதான் சஸ்பென்ஸ். காலையில் ஒரு சீசன், மாலையில் வேறொரு சீசன் என்று கலந்து பார்த்த பிள்ளைக்கு, நேற்றே கிடைத்துவிட்ட தாயத்தை இன்றைக்கு எல்லாரும் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் எந்தத் தாயத்துக்கு என்ன சக்தி என்று அது தூக்கத்திலும் சொல்லும்.

திரும்பப் பார்ப்பது குழந்தைக்கு நல்லதா? இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1996இல் நிக்கலோடியன் 'புளூஸ் க்ளூஸ்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, ஒரே கதையைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் போட்டது. மழலைகள் சலிக்கவில்லை. கதை கூடுதலாகப் புரிந்தது, திரையைப் பார்த்து அவர்கள் சொன்ன பதில்களும் கூடின. 2000இல் அதே சேனலில் வந்த டோராவும் இந்த வழியில் வந்தவள்தான். கேள்வி கேட்பாள், பேசாமல் காத்திருப்பாள், கண்ணைச் சிமிட்டுவாள். வரைபடம் மூன்று இடங்களின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும். குள்ளநரி வருவதற்கு முன்பே பிள்ளை அதைக் கண்டுபிடித்துக் கத்தும். டோராவின் குரங்கு நண்பன் புஜ்ஜிக்குத் தெரியாத வழி தனக்குத் தெரியும் என்ற பெருமை நான்கு வயதுக்கு வேண்டிய சத்து.

பத்து வயதுக்கு அது போதாது என்பதே என் வாதம். மழலைக்குப் பொருந்திய மருந்தைப் பதினான்கு வயது வரை எல்லோருக்கும் ஒரே அளவில் ஊட்டினார்கள். இது பணமில்லாத தொழிலும் அல்ல, திறமையில்லாத ஊரும் அல்ல. சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் 2000த்திலேயே பாண்டவர் கதையை முழுநீள அனிமேஷன் படமாக எடுத்திருக்கிறது. ரிப்பீட்டில் மிச்சமான காசில் ஒரு பங்கு இங்கே வரைபவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் வந்திருந்தால், கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிற ஒரு சிறுமியும் அவளுடைய ஷிப்ட்காரத் தகப்பனும் கார்ட்டூன் ஆகியிருக்கலாம். அந்தத் தலைமுறையிடம் கேட்டால் ஜாக்கி சான், டோரா, ஹெய்டி என்று அடுக்குகிறார்கள். தமிழில் பிறந்த ஒரு பெயர் அந்த வரிசையில் வருவதில்லை. எனக்கு இது வலிக்கிறது.

ஹைதராபாத்தில் ஒருவர் அந்த வேலையைச் செய்தார். ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்டு நிறுவனம் உருவாக்கிய சோட்டா பீம் 2008இல் போகோ சேனலுக்கு வந்தான். லட்டு தின்று பலம் பெறும் பையனை நாடே கொண்டாடியது. பிறகு அவனையும் அதே சுழல் பிடித்துக்கொண்டது. போகோவைத் திறந்தால் பீம், மூடித் திறந்தாலும் பீம். அவன் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

இங்கே தமிழ்நாட்டிலோ அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

2011 செப்டம்பர் 15. இலவச டிவி கொடுக்கத் தொடங்கி அன்றோடு சரியாக ஐந்து ஆண்டு. ஆட்சி மாறியிருந்தது. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விழா. மேடையில் முதல்வர் ஜெயலலிதா. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று பட்டியல் நீண்டது. அவற்றோடு இன்னொரு பொருளும் இருந்தது: பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் மடிக்கணினி.

பாடம் படிக்க வந்த பெட்டி. அதன் பக்கவாட்டில் பென் டிரைவ் செருக ஓர் இடம் இருந்தது. அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தம்பியின் கண் அதன்மேல் விழுந்தது. எஃப்.பி.சி. இல்லை, விளம்பரம் இல்லை, மீட்டரும் இல்லை. முதல் கதையிலிருந்து 95ஆவது கதை வரை வரிசையாக, அவன் நினைத்த நேரத்தில்.

அந்தப் பென் டிரைவை நிரப்பிக் கொடுக்க ஊருக்கு ஊர் ஒரு கடை முளைத்தது. சேனல்கள் காசு கொடுத்து வாங்கி, டப்பிங் செய்து, பூட்டி வைத்திருந்த கதைகள் அந்தக் கடைகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன?

(தொடரும்)