எருசலேம் தப்பிய இரவு

கி.மு. 701-ஆம் ஆண்டில், கப்பம் கட்ட மறுத்த சிற்றரசர்களை அடக்கும்பொருட்டு அசீரியச் சக்கரவர்த்தி சனகெரிப் மேற்றிசை நோக்கிப் படையெடுத்து வந்தபோது, யூதா ராஜ்யத்தின் அரணான பட்டணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 46 பட்டணங்களைப் பிடித்ததாக அவனே தன் சாசனத்தில் பெருமையோடு பொறித்திருக்கிறான்.

எருசலேமில் ஆண்ட எசேக்கியா, தெய்வம் காக்குமென்று வாளாவிருந்தவனல்லன். கீகோன் ஊற்றின் நீர் பகைவர் கைக்கு எட்டாதபடி, பாறையைக் குடைந்து அதை நகருக்குள் திருப்பினான் என்கிறது வேதாகமம். சுமார் 533 மீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்தின் சுவரில் 1880-இல் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. மன்னனின் பெயரைக்கூடச் சொல்லாமல், இரு முனைகளிலிருந்தும் வெட்டிவந்த தொழிலாளர் பாறைக்கு அப்பாலிருந்து வந்த குரலைக் கேட்டு நடுவே சந்தித்த கணத்தை மட்டும் அது வர்ணிக்கிறது.

யூதாவின் லாகீசு பட்டணத்தில் பாளயமிறங்கியிருந்த சனகெரிப்புக்கு, எசேக்கியா ஆலயக் கதவுகளில் வேய்ந்திருந்த பொன்னையும் உரித்துத் திறையாக அனுப்பிய பின்னரும் ஆபத்து நீங்கவில்லை. அவனுடைய தூதன் ரப்சாக்கே மதிலடியில் நின்று எபிரேயரின் மொழியிலேயே மிரட்டினான். மதில்மேல் இருக்கும் ஜனங்களுக்குப் புரியாதிருக்க அரமேய மொழியில் பேசும்படி மந்திரிகள் வேண்டிக்கொள்ள, அவனோ முன்னிலும் உரக்கக் கூவினான். பின்னர் வந்த மிரட்டல் நிருபத்தை எசேக்கியா ஆலயத்துக்கு எடுத்துச் சென்று, கர்த்தருடைய சந்நிதியில் விரித்து வைத்துப் பிரார்த்தித்தான். நகரத்துக்குள் ஓர் அம்பும் விழாது என்ற வாக்கு ஏசாயா தீர்க்கதரிசியின் மூலம் கிடைத்தது. அன்றிரவே கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் உரைக்கிறது.

கிரேக்க ஆசிரியர் ஹெரோடோடஸோ, எகிப்தின் எல்லையில் இதே சனகெரிப்பின் படையினர் எலிகள் வில்நாண்களைக் கடித்துவிட்டதால் ஓடியதாக எழுதினார். கொள்ளைநோயின் நினைவே அக்கதையில் மறைந்திருக்கிறது என்று ஊகித்த அறிஞர் பலர்.

எனக்கோ, பகைவனின் மௌனமே இவையனைத்திலும் கனமான சாட்சியாகத் தோன்றுகிறது. எசேக்கியாவைத் தலைநகரிலேயே அடைத்துவைத்ததையும் அவனிடம் பெற்ற திறையையும் விரிவாகச் சொல்லும் சனகெரிப்பின் சாசனம், எருசலேமைப் பிடித்ததாக ஓரிடத்திலும் சொல்லவில்லை. நினிவே அரண்மனைச் சுவர்களில் அவன் செதுக்குவித்ததும், மாட்டுவண்டிகளில் குடும்பம் குடும்பமாகச் சிறைப்பட்டுப் போகும் லாகீசு மக்களையே.

அந்த விடுதலையை என்றைக்கும் உரிய பாத்தியமாகக் கொண்டுவிட்ட பின்வந்தோர், ஆலய வாசலில் நின்று எரேமியா தீர்க்கதரிசி எச்சரித்ததைச் செவிமடுக்கவில்லை. கி.மு. 586-இல் பாபிலோன் படை அந்நகரையும் ஆலயத்தையும் தீக்கிரையாக்கியது.