பேச்சு மொழி நோயியலில் முதுகலைப் பயிற்சி உருவான வரலாறு

திக்கிப் பேசும் சிறுவர், பக்கவாதத்தால் சொல் இழந்த முதியவர், அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தை ஆகியோருக்குச் சிகிச்சை தருபவர் அமெரிக்காவில் இன்று முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது அப்படியொரு பட்டம் இல்லை. மேடைப்பேச்சு கற்பித்தவர்களும், மருத்துவர்களும், உளவியலாளர்களும், தாமே திக்குவாயால் வருந்திப் பின் தேறியவர்களும் அவரவர் அறிந்த முறையில் அந்த வேலையைச் செய்தார்கள். அது பல்கலைக்கழகப் பயிற்சியாகத் திரண்ட வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. பட்டத்தின் பெயரைவிட, மாணவர் நோயாளியின் எதிரே அமரும்போது உடனிருந்து கவனித்தவர் யார் என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி என்பது என் முடிவு.

ஸ்மைலி பிளாண்டன் 1914இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேச்சுக் கிளினிக் ஒன்றைத் தொடங்கினார். ஆனால் பயிற்சிக்கு ஒழுங்கான வடிவம் தந்தது அயோவா பல்கலைக்கழகம். அங்கே பட்டமேற்படிப்புக்குத் தலைவராக இருந்த உளவியலாளர் கார்ல் சீஷோர், உளவியல், நரம்பியல், பேச்சு ஆகிய மூன்றும் தெரிந்த ஒருவரை உருவாக்க விரும்பினார். அதற்காகவே பயிற்றுவிக்கப்பட்ட லீ எட்வர்ட் டிராவிஸ் 1924இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, இன்றைய அமெரிக்கப் பேச்சு மொழி கேட்புச் சங்கத்தின் முன்னோடியான சிறு அமைப்பு தோன்றியது.

டிராவிஸின் மாணவர்களில் வெண்டல் ஜான்சன், சார்லஸ் வான் ரைப்பர் இருவருமே திக்குவாய் உடையவர்கள். பிறவியில் இடக்கைப் பழக்கம் உள்ளவரை வலக்கைக்கு மாற்றுவதால் திக்கல் வருகிறது என்பது அன்று அயோவாவில் ஆராயப்பட்ட கருத்து. அதைச் சோதிக்க ஜான்சன் தம் வலக்கையை அசைக்க முடியாமல் கட்டுப்போட்டுக்கொண்டு நடமாடினார். பலன் கிடைக்கவில்லை. ஆராய்ச்சியாளர், மாணவர், நோயாளி என மூன்று நிலையும் ஒருவரிடமே கூடியிருந்த காலம் அது. தம் குறையைத் தாமே ஆராய்ந்தறியும் அந்த ஆர்வம் துறையை விரைவாக வளர்த்தது. அதே ஆர்வம் கட்டுப்பாடின்றிப் போனபோது நேர்ந்ததை 1939ஆம் ஆண்டு காட்டுகிறது.

திக்கல் குழந்தையின் வாயில் தொடங்குவதில்லை, அதைக் குறையென்று பெயரிடும் பெற்றோரின் காதில் தொடங்குகிறது என்ற கருத்துக்கு ஜான்சன் வந்துகொண்டிருந்தார். இதைச் சோதிக்கும் பொறுப்பு அவர் வழிகாட்டலில் படித்த மேரி டியூடர் என்ற முதுகலை மாணவிக்குத் தரப்பட்டது. டேவன்போர்ட் நகரின் அனாதை இல்லத்திலிருந்து 22 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் இயல்பாகப் பேசிய ஆறு பேரிடம், 'உனக்குத் திக்குவாய் தொடங்குகிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே' என்ற பொருள்படத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் பேசத் தயங்கினார்கள், கூச்சப்பட்டார்கள், பள்ளிப் பாடத்திலும் பின்தங்கினார்கள். மனம் உறுத்தவே டியூடர் பின்னர் திரும்பிப் போய் அவர்களைத் தேற்ற முயன்றார். அவருடைய ஆய்வேடு இதழ் எதிலும் வெளிவராமல் நூலகத்தில் கிடந்தது. 2001இல் நாளிதழ் ஒன்று இதை வெளிக்கொணர்ந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் பாதிக்கப்பட்ட தரப்பினர் ஆறு பேருக்கு 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

இந்த நிகழ்ச்சியைத் தனிமனிதரின் தவறாக மட்டும் படிப்பது போதாது. குழந்தைகளுக்காகப் பேச யாரும் இல்லை. மாணவி மறுத்துப் பேசுவதற்கும் வழி இல்லை. வழிகாட்டியே கருத்தின் உரிமையாளராகவும் இருந்தார். பயிற்சி முறையில் இருந்த ஓட்டைதான் குழந்தைகளைச் சுட்டது.

இரண்டாம் உலகப் போர் தேவையைப் பெருக்கியது. செவித்திறன் கெட்டும், தலையில் காயம்பட்டுச் சொல் மறந்தும் திரும்பிய வீரர்களுக்காக ராணுவ மருத்துவமனைகளில் மறுவாழ்வு மையங்கள் எழுந்தன. 1947இல் சங்கம் தன் பெயரில் கேட்பையும் சேர்த்துக்கொண்டது. சங்கம் வழங்கும் தகுதிச் சான்றிதழுக்கு முதுகலைப் பட்டமோ அதற்கு இணையான படிப்போ வேண்டும் என்ற விதி 1965இல் வந்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அனைவருக்கும் கல்வி என்ற 1975ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஏராளமான பணியிடங்களைத் திறந்தது. பிற்பாடு, விழுங்கச் சிரமப்படும் நோயாளிகளும் இத்துறையினரின் பொறுப்பில் வந்தார்கள்.

இன்று அமெரிக்காவில் மாணவர் 400 மணி நேரக் கிளினிக் அனுபவம் பெற வேண்டும். அதில் 25 மணி பார்த்துக் கற்பது, 375 மணி நேரடியாகச் செய்வது. நோயாளியோடு மாணவர் செலவிடும் நேரத்தில் கால்பங்குக்குக் குறையாமல் மேற்பார்வையாளர் நேரடியாகக் கவனிக்க வேண்டும். பட்டத்துக்குப் பின்னும் 1,260 மணி நேரப் பணி ஒரு மூத்தவரின் வழிகாட்டலில் நடக்கிறது. இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது அந்தக் கால்பங்கு விதிதான்.

இந்தியாவில் பயிற்சி 1963இல் பம்பாய் நாயர் மருத்துவமனையில் தொடங்கியது. அமெரிக்காவில் முதுகலை விதி வந்த அதே 1965இல் மைசூரில் லோகோபெடிக்ஸ் (பேச்சுத் திருத்தம்) நிறுவனம் பிறந்து, அடுத்த ஆண்டு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் என்று பெயர் மாறியது. அங்கே முதலில் நடத்தப்பட்டது முதுகலைப் படிப்பு. இளநிலைப் படிப்பு பின்னரே வந்தது. ஆனால் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின் கீழ் தொழில் செய்யப் பதிவு பெறுவதற்கு இளநிலைப் பட்டமே போதும். மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்தது அது. தேவை மிகுந்த நாட்டில் இந்த முடிவு நியாயமானதென்றே நினைக்கிறேன். இதனால் ஆய்வேடு எழுதுவது பெரும்பாலும் முதுகலை மாணவரின் வேலையாக அமைந்தது.

அந்த ஆய்வேடுகளின் அருமை தமிழில் சிகிச்சை தரும்போதுதான் புரிகிறது. ஆங்கில உச்சரிப்புச் சோதனைகளில் ண, ள, ழ ஆகிய ஒலிகளுக்கு இடமே இல்லை. தமிழ் உச்சரிப்புக்கான சோதனை ஒன்று 1986இல் மைசூர்ப் பல்கலைக்கழக முதுகலை ஆய்வேடாகத்தான் வந்தது. மதுரைப் பக்கத்துக் குழந்தை 'வாளப்பளம்' என்று சொன்னால் அது வீட்டில் கேட்ட வழக்கு. அதைக் கோளாறு என்று எழுதிவிட்டால், இயல்பாகப் பேசும் பிள்ளைக்குக் குறைப்பெயர் சூட்டிய டேவன்போர்ட் தவறையே நாமும் செய்தவர்களாவோம். பாடத்தை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சிகிச்சை தரும் மாணவருக்கு, வட்டார வழக்கும் கோளாறும் பிரியும் இடத்தைக் காட்டித்தர மேற்பார்வையாளர் அருகில் இருந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படிப்பை நடத்தும் கல்லூரிகள் இரண்டு செயல்களை உடனே செய்யலாம். தமிழ்க் குழந்தைகளையும் முதியவர்களையும் பற்றி மாணவர்கள் எழுதிய முதுகலை ஆய்வேடுகளை அலமாரியிலிருந்து எடுத்துப் பதிப்பிக்க வேண்டும். கிளினிக்கில் மாணவரோடு மேற்பார்வையாளர் எத்தனை மணி நேரம் உண்மையில் உடனிருந்தார் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.