பங்காக் கயிறு முதல் கூரைச் சூரியத் தகடு வரை: இந்திய வீட்டின் இரவுக் குளிர்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவிலோ டெல்லியிலோ ஓர் ஆங்கிலேய அதிகாரியின் வீட்டைக் குளிர்வித்தது மனித உழைப்பு. பகலில் ஒருவர் வாயிலில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டிக்கு ஓயாமல் நீர் தெளித்தார். இரவில் மற்றொருவர் தாழ்வாரத்தில் அமர்ந்து, சுவர்த் துளை வழியே வந்த கயிற்றைப் பற்றிப் படுக்கையறையின் பங்காவை விடியும்வரை இழுத்தார். அவர் கண்ணயர்ந்தால் உள்ளே இருப்பவரின் உறக்கம் கலையும். அதற்காக உதைபட்டு இறந்த பங்கா இழுப்பவர்களின் வழக்குகள் காலனிய நீதிமன்றப் பதிவுகளில் உள்ளன. உதைத்த ஐரோப்பியர் பலர் சிறு தண்டனையோடு தப்பினர் என்பதும் அப்பதிவுகளிலேயே இருக்கிறது.

வீட்டுக் குளிரூட்டியைச் சூரிய ஒளியால் இயக்குவதன் வரலாற்றை இக்காட்சியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். இந்தியாவில் குளிர்ந்த வீடு என்பது பெரிதும் குளிர்ந்த படுக்கையறைதான். அதாவது, இரவின் தேவை. சூரியனோ பகலுக்கு உரியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சில மணி நேர இடைவெளியே இந்த வரலாற்றின் மையச் சிக்கல்.

1833இல் பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் 180 டன் பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்தின் எச்சம். எந்திரப் பனிக்கட்டி வந்தபின் அவ்வணிகம் மறைந்தது. அதன் அளவை மட்டும் மறையவில்லை. ஒன்றரை டன் குளிரூட்டி என்று கடையில் கேட்கும்போது நாம் குறிப்பது எந்திரத்தின் எடையை அன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகமே ஒரு டன். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 3.5 கிலோவாட்.

பனிக்கட்டியை வெயிலைக் கொண்டே செய்யலாம் என்பதும் பழைய அறிவுதான். 1878ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒகுஸ்தேன் மூஷோ, கண்ணாடிக் குவிப்பானால் திரட்டிய சூரிய வெப்பத்தைக் கொண்டு பனிக்கட்டி செய்து காட்டினார். அதே ஆண்டில் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்னும் நீதிமன்ற அதிகாரி, வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாகச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவது குறித்து ஒரு நூல் வெளியிட்டார். தட்டைக் கண்ணாடிகள் பலவற்றை அடுக்கிக் கொதிகலனைச் சூடாக்கி, இரண்டரைக் குதிரைத் திறன் கொண்ட நீராவி எந்திரத்தை அவர் இயக்கியிருந்தார். நிலக்கரி மலிந்தபோது இருவரின் முயற்சிகளும் மறக்கப்பட்டன.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் சாகிபாபாத்தின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977இல் முதல் மின்கலத்தை உருவாக்கியது. எனினும் அன்றைய விலையில் சூரியத் தகடு விளக்கெரிக்கவே போதுமானதாக இருந்தது, குளிரூட்டி எட்டாக்கனி. இரு திசைகளிலிருந்து வந்த மாற்றங்களே நிலைமையைத் திருப்பின. 2010இல் தொடங்கிய தேசியச் சூரிய ஆற்றல் இயக்கத்தின் காலத்தில் தகட்டின் விலை சரிந்தது. மறுபுறம், 2006இல் அறிமுகமான நட்சத்திர முத்திரை 2010 முதல் அறைக் குளிரூட்டிகளுக்குக் கட்டாயமானது. இன்வெர்ட்டர் வகையும் பரவ, குளிரூட்டியின் மின்பசி குறைந்தது.

இன்றைய கணக்கு எளிது. ஒன்றரை டன் ஐந்து நட்சத்திரக் குளிரூட்டி எட்டு மணி நேர இரவில் ஏறத்தாழ 6 முதல் 8 யூனிட் செலவழிக்கும். கூரையில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் போதும் என்று தாள் சொல்கிறது. ஆனால் தகடு அந்த மின்சாரத்தைத் தருவது பகலில்; குளிரூட்டி அதைக் கேட்பது இரவு பத்து மணிக்கு மேல்.

இந்த இடைவெளியை இந்தியாவில் முதலில் நிரப்பியது எந்திரம் அன்று, ஒரு கணக்கு முறை. நெட் மீட்டரிங் எனப்படும் நிகர அளவீட்டில், பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்கட்டமைப்புக்குச் செல்கிறது. இரவில் வாங்கும் மின்சாரத்திலிருந்து அது கழிக்கப்படுகிறது. தமிழ்நாடு 2012ஆம் ஆண்டுச் சூரிய ஆற்றல் கொள்கையிலேயே இதற்கு இடமளித்தது. டெல்லி 2014இல் விதிமுறை வகுத்தது. ஆனால் மின்கட்டமைப்பு நெல்லைப் போட்டு வைக்கும் குதிர் அன்று. பகலில் கொடுத்த யூனிட் பகலிலேயே வேறெங்கோ செலவாகிவிடுகிறது. இரவில் திரும்பி வருவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரமே; நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. பங்கா இழுத்தவரின் இடத்தில் இப்போது அனல்மின் நிலையம் விழித்திருக்கிறது.

2024 மே 30 அன்று நாட்டின் மின் தேவை 250 கிகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. அது பிற்பகல் நேரம். சூரிய மின்சாரம் தோள் கொடுத்தது. கட்டமைப்பை இயக்குபவர்களின் கவலை இன்று சூரியன் மறைந்த பின்னுள்ள மணி நேரங்களைப் பற்றியது. 2023இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் இதை ஒப்புக்கொள்கின்றன: சூரிய நேரத்து மின்சாரத்துக்குக் குறைந்த விலை, உச்ச நேரத்துக்குக் கூடுதல் விலை. விலைக்கு நேரம் உண்டு என்றானதும், குளிர்ச்சியைச் சேமிப்பதே கேள்வியாகிறது. மின்கலத்தில் சேமிக்கலாம். மாலை சாயுமுன் அறையைக் குளிர்வித்து, கூரைக்கு வெள்ளைப் பூச்சும் சன்னலுக்கு நிழலும் தந்து, சுவரையே சேமிப்பாக்கலாம். பகல் மின்சாரத்தில் பனிக்கட்டி செய்து இரவில் உருக்கலாம். மூஷோ செய்து காட்டிய பனிக்கட்டி, ஒரு வகையில் சேமித்து வைத்த வெயில்தான்.

எஞ்சுவது நீதியின் கேள்வி. 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதைப் பெறச் சொந்தக் கூரை வேண்டும். வாடகைக் குடியிருப்போருக்கும் அடுக்குமாடியின் நடுத்தளத்தில் வாழ்வோருக்கும் அது இல்லை. வேறோர் இடத்துத் தகட்டின் மின்சாரத்தைப் பலருடைய கணக்கில் பங்கிடும் மெய்நிகர் அளவீட்டுக்கு டெல்லி 2019இல் வழி செய்தது. அத்தகைய ஏற்பாடுகள் இன்னும் விதிவிலக்குகளே. அதே ஆண்டில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், நாட்டில் ஏறத்தாழ 8 விழுக்காட்டுக் குடும்பங்களிடமே அறைக் குளிரூட்டி இருப்பதாகக் கணித்தது. ஏனையோர் மின்விசிறியின் கீழ், பலர் தகரக் கூரையின் கீழ் உறங்குகின்றனர். குளிர்ந்த அறை வெளியேற்றும் வெப்பம் அவர்களது தெருவில்தான் இறங்குகிறது.

வெட்டிவேர்த் தட்டியின் காலம் முதல் இன்றுவரை, ஒருவரின் குளிர்ச்சிக்கான விலையை இன்னொருவர் சுமந்தே வந்திருக்கிறார். அதைச் சுமக்க யாரையும் கேட்காத முதல் ஆற்றல் சூரியனே. அதைப் பகலிலிருந்து இரவுக்கும், கூரை உள்ளவரிடமிருந்து கூரை இல்லாதவருக்கும் கொண்டு சேர்க்கும்போதுதான், தாழ்வாரத்தில் கயிறு பிடித்து அமர்ந்திருந்த அந்த மனிதர் எழுந்து உறங்கப் போவார்.