சைக்கிள் மிதிப்போருக்கு இதயத்துடிப்பு காட்டும் கருவி: காசு கொடுக்கும் முன்பு கவனிக்க வேண்டியது என்ன?

பெரம்பலூர்:

காலையில் சைக்கிள் மிதிப்பவர்கள், நடைபயிற்சி போகிறவர்கள், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் வாலிபர்கள் என்று பலரது கையிலும் இப்போது இதயத்துடிப்பு காட்டும் கடிகாரம் ஏறிவிட்டது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் இதற்கு விலக்கு அல்ல. ஆனால் அது காட்டுற எண் சரியா, எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்ற குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

துடிப்பு எவ்வளவு?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களுக்கு இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். நன்றாக பயிற்சி எடுத்தவர்களுக்கு 60-க்கும் கீழே இருக்கலாம். சைக்கிளை மிதிக்க மிதிக்க துடிப்பு ஏறும்.

ஒருவரது உச்ச துடிப்பை தோராயமாக அறிய 220-ல் இருந்து வயதை கழிக்கும் கணக்கு வழக்கத்தில் உள்ளது. 40 வயதுக்காரருக்கு 180 வரும். அதில் பாதியான 90 முதல் 126 வரை மிதமான பயிற்சி. 126 முதல் 153 வரை கடினமான பயிற்சி. இது வெறும் தோராயம்தான். ஒரே வயதுள்ள 2 பேருக்கே 10, 20 துடிப்பு வித்தியாசம் இருக்கும்.

ரத்தக்கொதிப்புக்கும் இதய நோய்க்கும் அட்டெனலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த கணக்கு பொருந்தாது. அந்த மாத்திரைகள் துடிப்பை குறைத்து வைக்கும். அவர்கள் எவ்வளவு வரை போகலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

2 வகை கருவி

கம்பி இல்லாமல் துடிப்பு காட்டும் கருவி விளையாட்டுக்கு வந்தது பின்லாந்து நாட்டில். 1977-ல் தொடங்கிய போலார் கம்பெனி 1982-ல் இதை விற்பனைக்கு கொண்டு வந்தது. பனிச்சறுக்கு வீரர்களுக்கு பயிற்சி கொடுக்க பிறந்த யோசனை அது.

இன்று கடையில் கிடைப்பவை முக்கியமாக 2 வகை. ஒன்று, மார்பில் கட்டும் பட்டை. இதயம் துடிக்கும்போது உண்டாகும் மின்சார அலையை, இ.சி.ஜி. எடுப்பது போல தோல் மீதிருந்தே பிடிக்கும். மற்றொன்று, கையில் கட்டும் கடிகாரம். பின்பக்கம் எரியும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியை அனுப்பி, ரத்தம் ஏறி இறங்குவதை வைத்து கணக்கு போடும்.

சைக்கிளுக்கு எது?

சரியான எண் வேண்டும் என்றால் மார்புப் பட்டைதான். சைக்கிள் மிதிக்கும்போது கைப்பிடியை இறுக்கி பிடிக்கிறோம், மணிக்கட்டு மடங்குகிறது, குண்டு குழியில் கை ஆடுகிறது. இதனால் கைக்கடிகாரம் தடுமாறும். வேகத்தை சட்டென்று கூட்டினால் எண் பின்தங்கித்தான் வரும். நடைபயிற்சிக்கு கைக்கடிகாரம் போதும். மார்பில் கட்ட பிடிக்காதவர்கள் முழங்கைக்கு மேலோ கீழோ கட்டும் ஒளிப் பட்டையை பார்க்கலாம். மணிக்கட்டை விட அங்கே ஆட்டம் குறைவு.

ஆயிரம், 2 ஆயிரம் ரூபாய்க்கே கைக்கடிகாரம் கிடைக்கிறது. பெயர் பெற்ற கம்பெனியின் மார்புப் பட்டைக்கு பல ஆயிரம் ஆகும்.

கடையில் பார்க்க வேண்டியவை

*கடிகாரத்தை கட்டிக்கொண்டு, மறு கையில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு கடைவாசலில் நாலு நடை வேகமாக நடந்துவிட்டு மீண்டும் ஒப்பிட்டு பாருங்கள். எண் ஏறவே இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

*கடிகாரத்தை கழற்றி மேஜை மேல் வைத்து பாருங்கள். ஒன்றுமில்லாத இடத்திலும் துடிப்பு காட்டும் மலிவு சரக்கு உண்டு.

*மார்புப் பட்டை உங்கள் செல்போனோடு சேருமா என்று கடையிலேயே இணைத்து பாருங்கள். புளூடூத் இருந்தால் செல்போன் போதும். ஆன்ட் பிளஸ் மட்டும் உள்ளதை பிடிக்க அதற்கு ஏற்ற கருவி தனியாக வேண்டும்.

*பேட்டரி நாமே மாற்றுகிற மாதிரி இருக்கணும். பல பட்டைகளில் சி.ஆர்.2032 என்ற காசு வடிவ பேட்டரிதான். வாட்ச் கடைகளிலேயே கிடைக்கும்.

*துணிப் பட்டை வியர்வையில் நாளடைவில் கெட்டுவிடும். அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று விசாரியுங்கள்.

*பழைய பொருள் வாங்கினால் கவனம். பழைய மாடல் சிலவற்றில் பக்கத்தில் வருகிறவரின் துடிப்பும் கலந்து காட்டும். உயர் அழுத்த மின்கம்பி அருகே எண் தாறுமாறாக ஓடும்.

கட்டும் முறை

மார்புப் பட்டையின் உள்பக்கத்தை தண்ணீரில் நனைத்து, நெஞ்சுக்கு சற்று கீழே இறுக்கமாக கட்ட வேண்டும். காய்ந்த பட்டை முதல் சில நிமிடம் தப்புக்கணக்கு காட்டும். கைக்கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு 2 விரல் மேலே தள்ளி கட்டணும். பயிற்சி முடிந்ததும் பட்டையை அலசி காய வைக்க வேண்டும்.

சிமெண்டு, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர் ரோட்டிலும், திருச்சி - சென்னை நெடுஞ்சாலையிலும் மணிக்கட்டை பார்த்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுவது ஆபத்து. அளவை தாண்டினால் சத்தமோ அதிர்வோ கொடுக்கும்படி கருவியில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறினால் அதே வேகத்துக்கும் துடிப்பு கூடும் என்பதால் விடியற்காலையே நல்லது.

யாருக்கு தேவையில்லை?

அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் சைக்கிள் போட்டியில் கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். 13 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 15 கி.மீ., மாணவிகளுக்கு 10 கி.மீ. தூரம். இதற்கு தயாராகும் பிள்ளைகளுக்கு கடன் வாங்கி கருவி வாங்கித்தர தேவையில்லை. காற்று, பிரேக், செயின் சரியாக இருப்பதே முக்கியம்.

ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டிய போலீஸ் தேர்வுக்கும் அப்படித்தான். பெருவிரலை விட்டுவிட்டு மற்ற 2 விரலை மணிக்கட்டில் வைத்து 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் துடிப்பு தெரிந்துவிடும். பெருவிரலில் தனி நாடி இருப்பதால் அதை வைத்தால் கணக்கு தப்பும். மிதிக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

நெஞ்சு வலித்தால்...

இந்த கருவிகள் துடிப்பை எண்ணும், அவ்வளவுதான். ரத்தக்குழாயில் உள்ள அடைப்பை காட்டாது. 'வாட்ச் 80தான் காட்டுது, ஒண்ணும் இல்ல, வாயுவா இருக்கும்' என்று நெஞ்சு வலியோடு வீட்டில் படுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. சாதாரண துடிப்பு இருக்கும்போதும் மாரடைப்பு வரும்.

நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் இருந்தால் உடனே சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு 108-க்கு போன் செய்ய வேண்டும். தொடர்ந்து மிதிக்கவோ, தானே வண்டி ஓட்டி போகவோ கூடாது. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளை கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

40 வயதை தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள் கருவிக்கு காசு கொடுக்கும் முன்பு அரசு ஆஸ்பத்திரிக்கு போய் ரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் பார்த்துக்கொள்வது நல்லது. இதற்கு அங்கே கட்டணம் கிடையாது என்பது குறிப்பிடத்தக்கது.