நெட்டி

போன கோடையில் பர்மிங்காமில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். எனக்கு மதுப் பழக்கம் கிடையாது. அவனுக்கோ வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பொழுதுபோக்கு. அங்கே அது குற்றமில்லை. 1963-க்குப் பிறகு சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச லைசென்ஸ்கூட வேண்டாமாம். அவனுடைய குறையெல்லாம் ஒன்றுதான்: ருசி நன்றாக வந்தாலும், டம்ளரில் ஊற்றினால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும்.

ஒருநாள் சின்னப் புட்டி ஒன்றை வாங்கி வந்தான். மேலே 'ஐசிங்கிளாஸ்' என்று போட்டிருந்தது. என்னடா இது என்றேன்.

"மீனோட காத்துப்பைப்பா. அதைக் கரைச்சு ஊத்தினா பீர் தெளிஞ்சிரும்."

தூக்கிவாரிப் போட்டது. நெட்டி!

நான் பாம்பனில் பிறந்தவன். அப்பா கடலுக்குப் போனவர். கூறல் மீன் பட்ட அன்று வீட்டில் தனி உற்சாகம் இருக்கும். வயிற்றைக் கீறி, நெட்டியைக் கிழியாமல் எடுத்து, கழுவி, ஒட்டியிருக்கும் ரத்தத்தைச் சுரண்டிவிட்டுக் காயப்போடுவார். காக்கை விரட்டுவது என் வேலை. என் பள்ளிக்கூடச் சம்பளத்தில் பாதி அந்தக் காய்ந்த நெட்டியில் வந்ததுதான். இதை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, "வெள்ளைக்காரன் சாராயத்தைத் தெளிய வைக்கிறான்" என்றார். "புள்ளைகிட்ட பேசுற பேச்சா இது" என்று அம்மா சத்தம் போட்டார். அப்பா கேலி செய்கிறார் என்றுதான் அறுபது வருடம் நினைத்திருந்தேன்.

அன்றிரவே படிக்க உட்கார்ந்துவிட்டேன். பீர் புளித்து முடிந்த பிறகும் ஈஸ்ட் அதில் மிதந்துகொண்டே இருக்கும். ஈஸ்ட்டுக்கு எதிர்மின்னூட்டம், நெட்டியில் உள்ள கொலாஜனுக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக் கனத்து அடியில் படிந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் வடிப்பாலைகளுக்கு இந்தச் சரக்கு ரஷ்யாவிலிருந்து வந்தது. ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பை, யானை விலை. 1795-இல் வில்லியம் மர்டாக் என்பவர், காட் மீனை உலர்த்தி அதிலிருந்து மலிவான மாற்று ஒன்றைச் செய்து காட்டினார். அதைப் பயன்படுத்தும் உரிமைக்கு லண்டன் பீர்க்காரர்கள் 2,000 பவுண்டு கொடுத்தார்கள். அவர் செய்முறை காட்ட லண்டனில் தங்கியபோது, அழகான வாடகை அறையின் சுவரெல்லாம் ஈர மீன்தோலைத் தொங்கவிட்டு, வீட்டுக்காரம்மாள் வெளியே துரத்திவிட்டாள் என்று ஒரு கதை உண்டு. எங்கள் அம்மாவும் சில நாள் அந்த நிலைமைக்கு வந்ததுண்டு.

நிலக்கரி வாயுவில் விளக்கெரித்துக் காட்டியவரும் இந்த மர்டாக்தான். பர்மிங்காம் நடுவில் போல்டன், ஜேம்ஸ் வாட் இருவரோடும் தங்க முலாம் பூசிய சிலையாக நிற்கிறார். அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், யாரென்று தெரியாமலே.

நம் கடற்கரைக்கு இதில் எப்போது பங்கு வந்தது? ரஷ்யச் சரக்குக்குப் பதிலாக இந்தியக் கரைகளிலேயே நெட்டி தயாரிக்கலாம் என்று ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1842-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். கம்பெனி மருத்துவராக இருந்தவர், தாவரவியலும் அறிந்தவர். வேடிக்கை என்னவென்றால், அதே 1842-இல்தான் போஹீமியாவின் பில்சன் நகரில் ஜோசப் குரோல் பொன்னிறமாகத் தெளிந்த பீரைக் காய்ச்சினார். அவருக்கு மீன் தேவைப்படவில்லை. குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கில் வைத்திருந்தால் தானாகத் தெளியும். மூன்று வருடம் கழித்து இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரியை எடுத்தார்கள். உலோகக் குவளையில் குடித்தவரைக்கும் கலங்கலை யார் பார்த்தார்கள்? கண்ணாடி மலிந்த பிறகு தெளிவில்லாத பீர் விலைபோகவில்லை.

மகனுடைய பீர் இரண்டே நாளில் தெளிந்தது. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால் எதிர்வீட்டுச் செங்கல்லை எண்ணலாம். பெருமையோடு ஃபிரிட்ஜில் வைத்தான். மறுநாள் பழையபடி கலங்கல்! வெளியே வைத்தால் தெளிகிறது, குளிரில் கலங்குகிறது. இது ஈஸ்ட் அல்ல. தானியத்தின் புரதமும் உமியின் துவர்ப்பும் குளிரில் கைகோத்துக்கொள்வது. இதற்கு நெட்டி அவ்வளவாக உதவாது. இதற்கு மருந்தாக 1911-இல் அமெரிக்காவில் லியோ வாலர்ஸ்டைன் காப்புரிமை பெற்ற முறையில் புரதத்தை அறுப்பது எது தெரியுமா? பப்பாளிக்காய்ப் பாலில் இருக்கும் பப்பாயின். கறி சீக்கிரம் வேக அம்மா பப்பாளிக்காய்த் துண்டு போடுவாரே, அதே சமாச்சாரம்.

"தாத்தா எந்த மீன்லேர்ந்துப்பா எடுத்தாங்க?" என்று அன்று மகன் கேட்டான். கூறல் என்றேன். அவன் அந்த மீனைப் பார்த்ததே இல்லை. புட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். மீன் வாடையே இல்லை.