கவைக்கோலும் தீயும்: ‘ச்சா சியூ’ வந்த வழி

பிள்ளை சொல்பேச்சு கேட்காவிட்டால் ஹாங்காங் தாய்மார் ஒரு வசவு சொல்வார்கள்: “உன்னைப் பெற்றதற்கு ஒரு துண்டு ச்சா சியூவைப் பெற்றிருக்கலாம்!” தின்னவாவது ஆகியிருக்கும் என்று பொருள். வசவில் ஏறும் அளவுக்கு ஊறிப்போன பண்டத்தின் பெயரைக் கிளறிப் பார்க்கத்தான் வேண்டும்.

கான்டனிய மொழியில் ‘ச்சா’ என்றால் கவை. ‘சியூ’ என்றால் தீயில் சுடுதல். அந்த எழுத்தின் இடப்பக்கம் தீயைக் குறிக்கும் வடிவமே நிற்கிறது. பன்றிக்கறியை நீளவாக்கில் வார்வாராக அறுத்து, கவைக்கோலில் குத்தி, தணலுக்கு மேலே பிடித்துச் சுட்டார்கள். கருவியின் பெயரே பண்டத்துக்கும் நின்றுவிட்டது.

இன்னொரு விளக்கமும் வழங்குகிறது. முழுப் பன்றியைச் சுடும்போது அதன் வயிற்றுக்குள் நல்ல கறியாகப் பார்த்துச் செருகிவைப்பார்களாம். ‘செருகிச் சுட்டது’ என்ற பொருளுள்ள ‘ச்சாப் சியூ’ தேய்ந்து ‘ச்சா சியூ’ ஆயிற்றாம். ஒலி இணங்குகிறது. ஆனாலும் எழுதும் எழுத்தும் சுடும் முறையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், கவைக்கோல் பக்கமே என் வாக்கு.

தமிழில் இதைச் ‘சார் சியூ’ என்று எழுதுவதைக் காண்கிறோம். அந்த ‘ர்’ ஆங்கில எழுத்துக்கூட்டலில் வந்து ஒட்டியது. கான்டனியர் வாயில் அது இல்லை.

பெயர் கடல் கடந்தபோது தீ கூடவே போகவில்லை. ஜப்பானில் ராமென் கிண்ணத்தில் மிதக்கும் ‘சாஷூ’ இதே சொல்தான். ஆனால் அங்கே கறியைச் சுருட்டிக் கட்டி, சோயாச் சாற்றில் மெதுவாக வேகவைப்பதே பெரும்பான்மை வழக்கம். கவையும் இல்லை, சுடுதலும் இல்லை. வியட்நாமியர் ‘சா சியூ’ என்று ஒலியைக் காத்தார்கள். தாய்லாந்தில் பெயரையே மாற்றி ‘மூ டேங்’, அதாவது சிவப்புப் பன்றி, என்றார்கள். தோல் மொறுமொறுக்கச் சுடும் ‘சியூ யுக்’ இதன் உடன்பிறப்பு. அதன் இரண்டு எழுத்துகளையும் ஜப்பானியர் ‘யாகினிகு’ என்று வாசித்து, மேசையடுப்பில் வாட்டும் கறிக்கு, பெரும்பாலும் மாட்டுக்கறிக்கு, வைத்துக்கொண்டார்கள்.

தாய்லாந்துக்காரர் கண்ட சிவப்பு, பழைய முறையில் ‘நாம் யூ’ என்னும் புளிக்கவைத்த சோயாக் கட்டியிலிருந்து வருவது. அதற்கு நிறம் தருவது ஒருவகைப் பூஞ்சை படரவிட்ட அரிசி. கடைகளில் இன்று சாயப்பொடி அந்த வேலையைப் பார்க்கிறது. நிறம் கிடைக்கும், நாம் யூவின் மணம் கிடைக்காது.

ஹாங்காங் வீடுகளில் ஓவன் அரிது. வேலை முடிந்து வரும் வழியில் கடையில் வெட்டி வாங்கி, இரவுச் சாப்பாட்டில் ஒரு கறி கூட்டிக்கொள்வார்கள். கண்ணாடிக்குப் பின்னே வரிசையாகத் தொங்கும் கறியில் கொழுப்பும் சதையும் பாதிப்பாதியாக வேண்டும் என்று கேட்பது வழக்கம்.

வீட்டில் செய்கிறவர்களும் அப்படிப்பட்ட கறியையே வாங்குங்கள்: கழுத்தை ஒட்டிய தோள்பட்டைப் பகுதி. வெறும் சதை வறண்டுபோகும். சோயா சாஸ், ஹொய்சின் சாஸ், சர்க்கரை, நாம் யூ, ஐந்து மசாலைப் பொடி கலந்து ஓர் இரவு ஊறட்டும். தட்டில் படுக்கவைத்தால் கறி தன் சாற்றிலேயே வெந்துவிடும். அது சுடுதல் ஆகாது. கம்பி வலைமேல் வையுங்கள், சூடு நாலு பக்கமும் சுற்றட்டும். சொட்டும் கொழுப்பு புகையாமலிருக்கக் கீழ்த்தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். 200 டிகிரி செல்சியஸில், நடுவில் திருப்பிப் போட்டு, சுமார் 40 நிமிடம். கடைசியில் மால்டோஸ் பாகையோ தேனையோ தடவி, ஓரம் லேசாகக் கருகும்வரை விடுங்கள். அந்தக் கருகலை வெட்டி எறிந்துவிடாதீர்கள். கான்டனியர் அதைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள்.